பகல் க்ரீமின் கதை

நம் புதுச்சேரியில் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு அவர்கள் வரும்போது பெட்டியில் சாக்லேட்டோடும் வாசனைத் தைலத்தோடும் முகத்துக்குப் பூசும் க்ரீம் டப்பா ஒன்றாவது இருக்கும். பிள்ளைகள் திரும்பிப் போனதும் அந்த டப்பாக்களில் பாதி என் வீட்டுத் திண்ணைக்கு வரும். எங்கள் தெருவில் பிரெஞ்சில் பாடம் படித்தவர்களில் மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். "மிஸ்யே, இதைக் காலையில் பூசணுமா, ராத்திரியா? இது இயற்கையான சாமான்தானா?" என்று கேட்பார்கள்.

டப்பாவில் 'க்ரெம் த ழூர் இத்ராத்தாந்த்' என்று இருக்கும். பகலில் பூசுவதற்கான, தோலுக்கு நீர்ப்பசை தரும் களிம்பு என்று பொருள். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் இதையே 'டே மாய்ச்சரைசர்' என்று விற்கிறார்கள். பகலுக்கு என்று தனியாக ஒரு களிம்பு ஏன் வந்தது, அதில் நீர் எதற்கு, இயற்கை என்ற சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கெல்லாம் பதில் இந்தக் களிம்பின் வரலாற்றிலேயே இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு இது வெறும் அலங்காரச் சங்கதி இல்லை. வயது ஏற ஏறத் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. முகம் இழுக்கிறது, அரிக்கிறது, சொரிந்தால் புண்ணாகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, அதில் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைக்கும் முறை அவர் பெயரால்தான் வழங்குகிறது. பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர்கள் இதை 'சேரா த கலியேன்', அதாவது கேலனின் மெழுகுக் களிம்பு, என்று பல தலைமுறைகளாகத் தயாரித்து வந்தார்கள். பாதாம் எண்ணெயும் பன்னீரும் சேர்ப்பது அவர்கள் வழக்கம். பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகி முகம் சில்லென்று ஆகும். கோல்ட் க்ரீம் என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

இந்தக் களிம்பில் இருந்ததெல்லாம் இயற்கைப் பொருள்தான். ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருந்தது. பாதாம் எண்ணெய் சில நாளில் காறிப்போகும். அவ்வப்போது கொஞ்சமாகச் செய்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். 1872இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் மண்ணெண்ணெய்க் கச்சாவின் கசடிலிருந்து எடுத்த வாஸ்லினுக்குக் காப்புரிமை பெற்றார். அது காறுவதே இல்லை. பிறகு பல கோல்ட் க்ரீம்களில் பாதாம் எண்ணெய் இருந்த இடத்தில் கனிம எண்ணெய் வந்து உட்கார்ந்துகொண்டது.

கதையின் அடுத்த கட்டம் சோப்பிலிருந்து தொடங்குகிறது. 1779இல் ஸ்வீடன் நாட்டு ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் காய்ச்சியபோது இனிப்பான ஒரு திரவம் பிரிந்து வந்தது. அது என்ன என்பதை விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரேல். கொழுப்பு எதனால் ஆனது, சோப்பு எப்படி உண்டாகிறது என்று பல வருடம் ஆராய்ந்து 1823இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். இனிப்புத் திரவத்துக்கு கிளிசரின் என்று பெயர் வைத்தவர் அவர்தான். கொழுப்பிலிருந்து ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்து அடையாளம் காட்டியவரும் அவரே. 102 வயது வரை வாழ்ந்து 1889இல் இறந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. இந்தப் பெயர் எனக்குப் பள்ளியில் வேதியியல் மிஸ்யே சொல்லித் தெரியும். அவர் கண்டறிந்த இரண்டு பொருளும் முகக் க்ரீமின் ஆதாரம் என்பது பிற்பாடு டப்பாக்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் சுற்றுவட்டாரத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மர்சேய்க்குக் கப்பலேறியது. தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்தது வண்டியில் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை வந்தபின் ரயிலிலும் வந்தது. மர்சேயில் அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் சாப்பாட்டுக்கும் போனது, சோப்புக்கும் போனது. எண்ணெயைக் காரத்தோடு காய்ச்சிச் சோப்பாக்கும்போது கூடவே பிரிந்து வருவது கிளிசரின். ஆக, அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பூசிய கிளிசரினில் நம் பக்கத்து உழவர் வியர்வையும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

இப்போது பகல் க்ரீமுக்கு வருவோம். கோல்ட் க்ரீம் பூசினால் முகம் எண்ணெய் வழியும். அதன்மேல் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக ஒட்டும். ராத்திரி படுக்கும்போது பூசலாம், வெளியே போகமுடியாது. இதற்கு வழியாக வந்ததுதான் 'மறையும் க்ரீம்'. ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கி, மீதியை அப்படியே விட்டு, நிறைய நீரும் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்து அடிப்பார்கள். பனிக்கட்டித் தூள்போல வெள்ளையாக, முத்துப் பளபளப்போடு வரும். தேய்த்தால் நீர் ஆவியாகிவிடும். மெல்லிய படலம் ஒன்று மட்டும் மினுக்கு இல்லாமல் நிற்கும். அதன்மேல் பவுடர் நன்றாகப் பிடிக்கும்.

லண்டனில் பரோஸ் வெல்கம் கம்பெனி விற்ற ஹேஸலின் ஸ்னோ இந்த வகை. அமெரிக்காவின் பாண்ட்ஸ் கம்பெனி 1910களில் தன் இரண்டு க்ரீம்களையும் ஜோடியாக விளம்பரம் செய்தது: ராத்திரிக்குக் கோல்ட் க்ரீம், பகலுக்கு வானிஷிங் க்ரீம். பகல், இரவு என்ற பிரிவினை ஜனங்கள் மனதில் ஊன்றியதில் அந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயில் பாட்டன்வாலா 1919இல் கொண்டுவந்த ஆப்கான் ஸ்னோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். நான் சிறுவனாக இருந்தபோது முகத்துக்குப் பூசுவது எதுவானாலும் எங்கள் வீட்டில் 'ஸ்னோ'தான். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அத்தைமார்கள் கண்ணாடி முன் ஸ்னோவும் பவுடருமாக நின்றது நினைவிருக்கிறது.

ஸ்னோ வாலிப முகத்துக்குப் பொருத்தம். எண்ணெய்ப்பசை ஏற்கெனவே தோலில் இருக்கும், க்ரீம் மினுக்காமல் இருந்தால் போதும். நம்மைப் போன்ற வறண்ட முகத்துக்கு அது காணாது. பூசி ஒரு மணி நேரத்தில் பழையபடி இழுக்கும். ஏன் என்பதற்கு விடை 1952இல் கிடைத்தது. அமெரிக்கரான இர்வின் பிளாங்க் காய்ப்புப் பிடித்த தோல் துண்டுகளை உலர்த்தி ஆராய்ந்தார். உலர்ந்த தோலை எண்ணெயில் ஊறப்போட்டாலும் அது விறைப்பாகவே இருந்தது. நீர் சேர்ந்ததும் இளகி வளைந்தது. மேல்தோலை மிருதுவாக்குவது நீர் என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. எண்ணெயின் வேலை அந்த நீர் வெளியே போகாமல் மூடி வைப்பது.

அதன்பிறகு க்ரீம் தயாரிப்பவர்கள் மூன்று வேலைக்கு மூன்று வகைச் சரக்கைச் சேர்க்கலானார்கள். கிளிசரின் போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கும். இலகுவான எண்ணெய்கள் செதிள்களுக்கு நடுவே உள்ள இடுக்கை நிரப்பும். மெழுகு, வாஸ்லின் போன்றவை மேலே மூடி போடும். பகல் க்ரீமில் முதலிரண்டும் அதிகமாகவும் மூன்றாவது குறைவாகவும் இருக்கும். இரவு க்ரீமில் பெரும்பாலும் மூடி கனமாக இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, இயற்கை? 1828இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியாவைச் செய்து காட்டினார். உயிருள்ள உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று அதுவரை நம்பியிருந்த பொருள் அது. இரண்டும் ஒன்றேதான், எங்கே உண்டானது என்பதால் குணம் மாறவில்லை. இந்த யூரியா நம் மேல்தோலிலேயே நீரைப் பிடித்துவைக்கும் பொருள்களில் ஒன்று. வறண்ட தோலுக்கான க்ரீம்களில் சேர்ப்பது தொழிற்சாலையில் செய்த யூரியா. தோலுக்கு அந்தப் பேதம் தெரியாது.

மறுபுறம், செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது. என் வீட்டம்மாவுக்கு உறவுக்காரர் ஒருவர் விலை உயர்ந்த இயற்கை க்ரீம் வாங்கி வந்து கொடுத்தார். பத்து நாளில் இரண்டு கன்னமும் சிவந்து தடித்துவிட்டன. ராத்திரியெல்லாம் எரிச்சலில் தூக்கம் இல்லை. தோல் டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்து, அதிலிருந்த வாசனை எண்ணெய்களைக் காட்டி, நிறுத்தச் சொன்னார். ஐரோப்பிய டப்பாக்களில் பட்டியலின் கடைசியில் லிமோனீன், லினலூல், ஜெரானியோல் என்று வரும். அவை எலுமிச்சை, லாவண்டர், ரோஜா போன்றவற்றின் எண்ணெயிலேயே இருப்பவை. சிலருக்கு ஒவ்வாமை தருவதால் அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். 'பதப்படுத்தும் பொருள் இல்லை' என்ற பெருமையையும் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். நீர் உள்ள க்ரீமைப் பாதுகாக்க எதுவும் இல்லாவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் கிருமியும் பூஞ்சையும் குடியேற அதிக நாள் ஆகாது.

இனி டப்பாவைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். 35 வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்கு முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பதை விடப் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதே முக்கியம். பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முதல் பெயர் பெரும்பாலும் 'அக்வா', அதாவது நீர். கிளிசரின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இருந்தால் நல்லது. அடுத்து சூரியகாந்தி எண்ணெய், ஸ்குவாலேன், பிரெஞ்சில் கரித்தே என்னும் ஷியா வெண்ணெய் போன்றவற்றில் ஒன்றிரண்டு போதும். முகப்பில் படம் போட்ட கற்றாழையோ குங்குமப்பூவோ பட்டியலின் வாலில் இருந்தால், கொடுக்கும் காசு படத்துக்குத்தான். வாசனை சேர்க்காதது, பிரெஞ்சில் 'சான் பர்ஃபேன்', நம் வயதுக்கு உத்தமம். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

புதுச்சேரிக் காற்றில் ஈரம் இருப்பதால் இலகுவான க்ரீமே பெரும்பாலும் போதும். நாளெல்லாம் ஏசி அறையில் இருப்பவர்களுக்கு எண்ணெய்ப்பங்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டிசம்பரில் பாரிசுக்குப் பேரனைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கனமானதே சரி. முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் பூசுங்கள். க்ரீமின் வேலையில் பாதி இந்த நேரத்தில்தான் இருக்கிறது. பட்டாணி அளவு போதும். புதிதாக வாங்கியதை முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பாருங்கள். மாய்ச்சரைசர் வெயிலைத் தடுக்காது. காலையில் கடற்கரையில் நடப்பவர்களுக்கு அதன்மேல் சன்ஸ்க்ரீனோ தொப்பியோ வேண்டும். அரிப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் போவதே முறை. சிவப்பாக்கித் தருவதாகச் சொல்லும், பட்டியலே அச்சிடாத டப்பாக்களைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இந்த லட்சணங்களெல்லாம் உள்ள க்ரீம் நம் தெருமுனை மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. பென்ஷன் பணத்தில் பெரிய துண்டு விழாது. அடுத்த ஆகஸ்டில் பிள்ளைகள் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், க்ரீமுக்குப் பதில் நாலு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.