மாறும் ஒளியும் மாறாத குழாயும்: கையடக்க டார்ச் விளக்கின் வரலாறு

ஒரே மின்கலத்தில் இயங்குவதும், சட்டைப்பையில் அடங்குவதும், பயன்படுத்துபவரே திருகிப் பிரித்து உள்ளுறுப்புகளை வேண்டியபடி மாற்றிக்கொள்ள இடம் தருவதுமான குழாய் வடிவ டார்ச் விளக்கு, கைபேசி ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு குடியேறிவிட்ட பிறகும் வழக்கொழியாமல் நிற்கிறது. இந்நிலைபேற்றுக்கு அதன் ஒளி மிகுதியையே காரணமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஒளி தரும் உறுப்பு ஏறத்தாழ 125 ஆண்டுகளில் கரியிழையிலிருந்து டங்ஸ்டன் இழைக்கும், அதிலிருந்து எல்இடிக்கும் அடியோடு மாறியிருக்க, விளக்கின் உடலமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதை நோக்கும்போது அவ்விளக்கம் போதாததாகிறது. மின்கலத்தின் விட்டம், பல்ப் அமரும் குழியின் அளவு, மின்சுற்றுத் தகட்டின் அகலம் போன்ற சில அளவுகள் பலருக்கும் பொதுவானவையாக நிலைபெற்றதையும், அவற்றைப் பற்றிக்கொண்டு பயனர்கள் விளக்கைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டதையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

இவ்வரலாற்றின் தொடக்கம் மின்கலத்தில்தான் இருக்கிறது. ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் 1880களில் உலர் மின்கலத்தை, அதாவது தளும்பும் திரவத்துக்குப் பதிலாகப் பசைபோன்ற வேதிக் கலவையைக் கொண்டு, கவிழ்த்தாலும் சிந்தாத கலத்தை உருவாக்கிய பின்னரே, மின்விளக்கைக் கையில் எடுத்துச் செல்வது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த ஆங்கிலேயரான டேவிட் மிசல், அத்தகைய கலங்களை ஒரு தாள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முன்முனையில் பல்பையும் பித்தளை எதிரொளிப்பானையும் பொருத்திய வடிவத்துக்கு 1899 ஜனவரி 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைக் கைக்கொண்ட நிறுவனம், ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த கான்ராட் ஹியூபர்ட்டுக்கு உரியது. பிற்காலத்தில் எவரெடி என்று உலகமறிந்த பெயர் அங்கிருந்தே கிளைத்தது. அக்காலக் கலங்கள் விரைவில் சோர்ந்துவிட்டதால் விளக்கைத் தொடர்ந்து எரியவிட முடியவில்லை. விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஒளிரச் செய்ததனால்தான் அமெரிக்க வழக்கில் அதற்கு மின்னல் விளக்கு என்று பொருள்படும் ஃபிளாஷ்லைட் என்ற பெயர் நிலைத்தது. 1910 வாக்கில் டங்ஸ்டன் இழை வந்து அக்குறையைப் பெருமளவு போக்கிய பின்னும் பெயர் மாறவில்லை, குழாயும் மாறவில்லை.

இந்தியாவில் எவரெடி நிறுவனம் 1934இல் கல்கத்தாவில் பதிவானது. ஆங்கிலேயர் வழக்கைப் பின்பற்றி இங்கு அக்கருவி டார்ச் லைட் ஆயிற்று, ஈழத்தமிழில் ரோச் லைற் ஆயிற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பேட்டரியைக் கட்டை என்று சொல்லி, இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என எண்ணிக்கையால் டார்ச்சை வகைப்படுத்தும் வழக்கு ஆய்வுக்குரியது. நிறுவனத்தின் பெயரையோ ஒளியின் அளவையோ விட்டுவிட்டு, உள்ளே எத்தனை கட்டைகள் அடங்கும் என்பதையே விளக்கின் அடையாளமாகக் கொண்ட இவ்வழக்கில், இக்கருவியின் இயல்பைப் பற்றிய கூர்மையான புரிதல் பொதிந்திருக்கிறது. எந்தக் கடையில் வாங்கிய கட்டையும் எந்த டார்ச்சிலும் பொருந்தும் என்ற உறுதி அதன் அடியில் உள்ளது.

விளக்கின் உடல் நெடுங்காலம் உழைக்கவல்ல பொருளாக உயர்ந்தது 1979இல். குரோவேஷியத் தீவான ஸ்லாரினில் வளர்ந்து, கலிஃபோர்னியாவில் கடைசல் பட்டறை நடத்திவந்த அந்தோனி மாக்லிக்கா, அவ்வாண்டில் மேக்லைட் என்ற பெயரில் அலுமினியத்தைக் கடைந்து செய்த டார்ச்சை வெளியிட்டார். துல்லியமாக வெட்டிய மரைகள், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள், அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் கடினமாக்கும் ஆனோடைசிங் என்னும் பூச்சு ஆகியவை அதன் சிறப்புகள். 1984இல் வந்த மினி மேக்லைட், பென்சில் பேட்டரி என நாம் அழைக்கும் இரண்டு ஏஏ கலங்களில் இயங்கியது. தலையைத் திருகினால் எரியவும் அணையவும் செய்தது, மேலும் திருகினால் ஒளிக்கற்றை விரிந்து சுருங்கியது, பின்மூடிக்குள் ஒரு மாற்று பல்பும் வைக்கப்பட்டிருந்தது. இவ்விளக்கு பரவலாகவே, அதற்கான துணையுறுப்புகளை மட்டும் செய்து விற்கும் தொழிலும் உருவானது. கொலராடோவின் நைட் ஐஸ் நிறுவனம் 1989இல் தொடங்கியதே, மினி மேக்லைட்டைத் தலையில் மாட்டிக்கொள்ள உதவும் பட்டையோடுதான். ஒரு விளக்கைச் சுற்றி அதை உருவாக்காத பிறரும் வாழத் தொடங்கியது, இவ்வரலாற்றின் முதல் பெரிய திருப்பம் எனலாம்.

இரண்டாம் திருப்பம் கலிஃபோர்னியாவின் ஷுயர்ஃபயர் நிறுவனத்தின் 6பி விளக்கில் நிகழ்ந்தது. படக்கருவிகளுக்கென வந்த சிஆர்123ஏ என்னும் 3 வோல்ட் லித்தியம் கலங்கள் இரண்டைக் கொண்ட இவ்விளக்கில், பல்பும் எதிரொளிப்பானும் தனித்தனியாக இராமல் பி60 என்ற ஒரே தொகுதியாக அமைந்திருந்தன. அத்தொகுதி தந்த ஒளி 65 லூமென். லூமென் என்பது ஒரு மூலத்திலிருந்து எல்லாத் திசையிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. கலங்கள் தாக்குப்பிடித்ததோ ஏறக்குறைய ஒரு மணிநேரமே. இன்றைய அளவில் இது எளிய ஒளிதான் என்றாலும், தலையைக் கழற்றிப் பழைய தொகுதியை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினால் வேறொரு விளக்கு கிடைத்துவிடும் என்ற அமைப்பின் பயன் மிகப் பெரிது. எல்இடி வந்தபோது பல சிறு நிறுவனங்கள் பி60 அளவிலேயே எல்இடித் தொகுதிகளைச் செய்தன. வெப்ப இழை விளக்காகப் பிறந்த 6பி, உடலில் ஒரு கீறலும் இல்லாமல் எல்இடி விளக்காயிற்று. மடிக்கணினிகளின் மின்கலத் தொகுப்புகளில் இடம்பெற்ற 18650 என்னும் லித்தியம்-அயனிக் கலமும் இவ்விளக்குக்குள் நுழைந்தது. அப்பெயரில் 18 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 65 என்பது நீளம், இறுதிச் சுழி உருளை வடிவத்தைக் குறிப்பது. இரண்டு சிஆர்123ஏ கலங்களை அடுக்கினால் 69 மி.மீ. நீளமும் 17 மி.மீ. விட்டமும் வருவதால், 6பியின் உட்குழாயை 1 மி.மீ. அளவுக்குக் கடைந்து அகலப்படுத்தினாலே மறுமின்னேற்றம் செய்யத்தக்க புதிய கலம் உள்ளே அமர்ந்துவிட்டது. யாரும் திட்டமிடாத, அளவுகளின் இப்பொருத்தத்தைக் கண்டறிந்து பயன்கொண்டவர்கள் கடைசல் அறிந்த பயனர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஷென்சென் நகரின் கான்வாய் நிறுவனம் எஸ்2+ என்ற பெயரில் செய்யும் விளக்கில் இம்மரபு இன்னும் எளிய, மலிவான வடிவத்தை அடைந்தது. அதன் அடிப்படை வடிவத்தை 20 டாலருக்குள் வாங்க முடிந்திருக்கிறது. ஒரு 18650 கலம், ஒரு குழாய், ஒரு தலை, வால்புறத்தில் ஒரு பொத்தான் என்பதற்கு மேல் வெளியில் எதுவும் இல்லை. தலைக்குள் திருகி இறக்கப்படும் பித்தளைக் கூட்டுக்கு மாத்திரை என்று பொருள்படும் பில் என்ற பெயர் வழங்குகிறது. அதன் மேல்தளத்தில் எல்இடி பொருந்திய உலோகத் தகடும், கீழ்த்தளத்தில் 17 மி.மீ. விட்டமுள்ள டிரைவரும், அதாவது கலத்தின் மின்னோட்டத்தை எல்இடிக்கு ஏற்ற அளவில் கட்டுப்படுத்தும் மின்சுற்றுத் தகடும், அமர்கின்றன. எல்இடிக்குச் செல்லும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுவதால், அவ்வெப்பத்தைப் பித்தளைக் கூடு வாங்கி அலுமினிய உடலுக்குக் கடத்துகிறது. விளக்கைப் பிடித்திருக்கும் கையே அதன் குளிர்விப்பானாகிறது என்பது மிகையன்று. உள்ளுறுப்பு ஏதுமில்லாத வெற்றுடல் ஹோஸ்ட் என்ற பெயரில் தனியே விற்கப்பட்டதும், வாங்குபவர் தாமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விளக்கை விளக்கில்லாமல் விற்றதும், நுகர்பொருள் வணிகத்தில் அரிய நிகழ்வுகள்.

டிரைவரின் அமைப்பு எளிமையின் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏஎம்சி7135 என்ற சிறு சில்லு ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை மட்டும் விடக்கூடியது. எட்டுச் சில்லுகளை இணையாகப் பற்றவைத்தால் 2.8 ஆம்பியர் கிடைக்கும். ஒளி குறைந்தாலும் கலம் நீடிக்க வேண்டும் என்று கருதுபவர், இரண்டு சில்லுகளை எடுத்துவிட்டால் 2.1 ஆம்பியரோடு நின்றுகொள்ளலாம். கூட்டல் கணக்கு அறிந்தவர் எவரும் இவ்விளக்கின் வலிமையைத் தீர்மானிக்க முடிகிறது. இச்சுற்றை ஆளும் ஏடிடைனி13ஏ என்ற நுண்கட்டுப்படுத்தியின் நிரல் நினைவகம் 1 கிலோபைட், தற்காலிக நினைவகம் 64 பைட் மட்டுமே. இவ்வளவு குறுகிய இடத்துக்குள் ஆர்வலர் ஒருவர் எழுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவைத்த பிஸ்காட்டி என்ற நிரல், ஒளிநிலைகளைப் பன்னிரண்டு தொகுப்புகளாக வழங்கி, எது வேண்டும் என்ற தெரிவைப் பயனரிடமே விட்டது. பொத்தானைப் பாதி அழுத்தும்போது மின்சாரம் முற்றிலும் அறுந்துவிடுவதால், அது கணநேர அழுத்தமா உண்மையான அணைப்பா என்று அறிய வேறு உணர்கருவி எதுவும் இல்லை. மின்சாரம் அறுந்த பின்னும் தற்காலிக நினைவகத்தில் சிறிதுநேரம் அழியாமல் எஞ்சும் தடயத்தைப் படித்தே நிரல் அதைத் தெரிந்துகொள்கிறது. வன்பொருளின் வறுமையை நுட்பத்தால் ஈடுசெய்த இத்தகைய தீர்வுகளுக்கு, உலோக வேலைப்பாட்டுக்குத் தரப்படும் அதே மதிப்பைத் தொழில்நுட்ப வரலாறு தரவேண்டும்.

எல்இடியை மாற்றும் வழக்கம் நிற உணர்வு பற்றிய அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. நீல ஒளி தரும் எல்இடியின் மீது பாஸ்பர் என்னும் ஒளிர்பொருளைப் பூசி வெள்ளொளி பெறும் முறையை ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கக்கால வெள்ளை எல்இடிகளின் ஒளி நீலம் பாய்ந்து, சிவப்பை மங்கச் செய்தது. பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100க்கு மதிப்பிடும் நிறங்காட்டும் குறியெண்ணில், நிச்சியாவின் 219பி வரிசையின் சில வகைகள் 90ஐத் தாண்டின. மொத்த ஒளி குறைந்தாலும் இவற்றையே தேர்ந்தெடுத்து எஸ்2+ உடலில் பொருத்தியவர்கள் பலர். மின்கம்பிகளின் நிறத்தைப் பிரித்தறிய வேண்டிய பழுதுநீக்குநருக்கும், காய்ந்த சருகுகளின் பழுப்புக்கு நடுவே கண்ணாடி விரியனின் பழுப்பை இனங்காண வேண்டிய இரவுநேர உழவருக்கும், 300 லூமென் மிகுதியாவதைவிட நிறம் மெய்யாகத் தெரிவது மேலானது என்றே கருத வேண்டும்.

ஒளி மிகுதியை மட்டும் துரத்திய போட்டியின் குறையை அளவீட்டு முறையும் வெளிப்படுத்துகிறது. அமெரிக்காவில் 2009இல் வகுக்கப்பட்ட எஃப்எல்1 தரநிலை, விளக்கை ஏற்றி 30 நொடிக்குப் பின் ஒளியை அளக்கச் சொல்கிறது. அது தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும் வரையுள்ள காலத்தை இயங்குநேரம் என்கிறது. முழுநிலவொளிக்கு ஒப்பான 0.25 லக்ஸ் ஒளி விழும் தொலைவை எட்டுதூரம் என்கிறது. பொய்க் கணக்குகளைத் தடுத்த இத்தரநிலை நன்மையே செய்தது. எனினும் முதல் ஓரிரு நிமிடங்கள் கண்ணைப் பறித்துவிட்டு, வெப்பம் தாங்காமல் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் விளக்குகளுக்கும் அதில் இடமிருக்கிறது. கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒளி நான்கு மடங்கானால்தான் ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும். ஆகவே 2.8 ஆம்பியரோடு நின்றுவிட்ட எளிய சுற்று, கண்ணின் கணக்கில் இழந்தது சொற்பமே. விளக்கைத் தாமே மாற்றியமைக்கும் உரிமைக்கு ஒரு பொறுப்பும் உடனிருக்கிறது: லித்தியம்-அயனிக் கலத்தைக் குறுக்குச்சுற்றாக்கினால் அது தீப்பற்றக்கூடும் என்பதால், பழைய கட்டையைக் கையாண்ட அலட்சியத்தோடு இதைக் கையாளக் கூடாது.

அண்மைக்காலத்தில் 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்ட 21700 கலம் பரவிவருவதால், 18650இன் காலம் முடியுமா என்ற கேள்வி எழுகிறது. 6பிக்குச் செய்ததுபோல எஸ்2+ உடலைக் கடைந்து இக்கலத்தை இறக்க வழியில்லை. ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே வெளிவிட்டமுள்ள குழாயில் மரை வெட்டுவதற்குப் போதிய சுவர் மிஞ்சாது. ஆயினும் 1994இல் 1100 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவோடு இருந்த 18650 கலம், அளவில் ஒரு மில்லிமீட்டரும் மாறாமல் இன்று 3500ஐ எட்டியிருக்கிறது. பத்தாண்டுப் பழமையுள்ள உடலொன்றில் இன்றைய கலத்தையும் இன்றைய எல்இடியையும் பொருத்துபவர், அவ்வுடலைக் கடைந்தவர் காணாத ஒளியை அதிலிருந்து பெறுகிறார்.