பாம்பன் சிக்னலும் பக்கக்காற்றும்

ஏற்காட்டுக்கு ஏறும்போது பெரிய எஸ்யூவியை ஆட்டுவது கொண்டை ஊசி வளைவுகள். கீழே சேலம் வந்து நெடுஞ்சாலையைப் பிடிச்சா, ஆட்டுவது பக்கக்காற்று. இதுக்கு நம்ம ஊர் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கு: பாம்பன்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், 2 கி.மீ.க்கும் அதிக நீளம். இருபுறமும் கடல், காற்றை மறிக்க ஒரு மரம்கூட கிடையாது. அதனால பின்னாளில் காற்றளவி ஒன்றை சிக்னலோடு இணைச்சாங்க. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டியபோது சிவப்பு விழுந்தது, ரயில் நின்றது. பல டன் எடையுள்ள ரயிலுக்கே இந்தக் கட்டுப்பாடு! காரணம், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

எஸ்யூவியும் ரயில் பெட்டி மாதிரிதான்: உயரமான பக்கச்சுவர், மேலே தூக்கிய எடை. கூரைமேல் இருக்கும் சாமானை இறக்கி, கனமானதைக் கீழே வைத்து, டயர் காற்றைச் சரிபார்த்தால் ஆட்டம் குறையும். ஆனா முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். வண்டி மெதுவாகப் போனால், காற்று தள்ளும்போது ஸ்டியரிங்கைத் திருத்த நேரம் கிடைக்கும்.

பாம்பனில் அந்த முடிவை சிக்னல் எடுத்தது. நெடுஞ்சாலையில் அதை நம்ம கால்தான் எடுக்கணும்.