ராகிங் என்று யாரும் சொல்லாத ராகிங்

ராகிங் என்றதும் நமக்கு ஹாஸ்டலும் சீனியர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் உண்டு, பெயர் ஹேஸிங். வித்தியாசம் என்னவென்றால், இதில் மாட்டுபவர் பெரும்பாலும் தானாகவே போய் நிற்பார். டீமில் சேர வேண்டுமே!

நியூயார்க் மாநிலத்தில் ஆல்ஃபிரட் என்று ஒரு சின்ன பல்கலைக்கழகம். 1978 பிப்ரவரியில் அங்கே ஒரு மாணவர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த சக் என்ற மாணவனை, மதுபாட்டில்களோடு கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார்கள். அன்றிரவே இறந்துபோனான். அவனுடைய அம்மா ஐலீன் ஸ்டீவன்ஸ் மகன் பெயரிலேயே ஓர் அமைப்பு தொடங்கி, இதற்கு எதிரான சட்டங்களுக்காகப் பல வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

இருபது வருடம் கழித்து, 1998-ல், அதே ஆல்ஃபிரட். இந்தத் தடவை கால்பந்து டீம் (அமெரிக்கக் கால்பந்து, நம்ம ஃபுட்பால் இல்லை). புதியவர்களைக் கட்டிப்போட்டுக் குடிக்க வைத்தார்கள் என்று புகார். வேறு கல்லூரியாக இருந்தால் நாலு பேரை சஸ்பெண்ட் செய்து விஷயத்தை மூடியிருக்கும். இவர்கள் உருப்படியாக ஒரு காரியம் செய்தார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுடன் சேர்ந்து, நாடு முழுக்க உள்ள கல்லூரி வீரர்களிடம் சர்வே எடுத்து 1999-ல் வெளியிட்டார்கள்.

"உங்களை ஹேஸிங் செய்தார்களா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் 12 சதவீதம்தான். ஆனால் திட்டினார்களா, குடிக்க வைத்தார்களா, கடத்திக்கொண்டு போனார்களா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்டபோது, ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றவர்கள் சுமார் 80 சதவீதம்! அடிபட்டவனே அதை 'டீம் பழக்கம்' என்று நினைக்கும்போது புகார் எங்கிருந்து வரும்? "ஹேஸிங் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டுவது வீண் வேலை என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். எது எது கூடாது என்று பெயர் சொல்லித்தான் தடுக்க வேண்டும்.

சர்வே வந்த சூட்டிலேயே வெர்மான்ட் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி டீம் மாட்டியது. 1999 அக்டோபரில் புதியவர்களை நிர்வாணமாக்கி அவமானப்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் வீரர்கள் பொய் சொன்னது தெரியவந்ததும், தலைவர் ஜூடித் ரமேலி 2000 ஜனவரியில் அந்த சீசனின் மீதி ஆட்டங்களையே ரத்து செய்துவிட்டார். தப்பு செய்யாதவர்களுக்கும் சேர்த்துத் தண்டனையா என்று கேட்கலாம். ஆனால் மொத்த டீமும் வாய் மூடி இருக்கும் இடத்தில் தனி ஆளை எப்படிப் பிடிப்பது? நான் ரமேலி பக்கம்தான். அதே வருடம் வெர்மான்ட் மாநிலம் ஹேஸிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமும் போட்டது.

நாடு முழுமைக்குமான சட்டம் வர 2024 டிசம்பர் ஆயிற்று. விளையாட்டு டீம்களும் இதில் அடக்கம். எந்தக் குழு, என்ன செய்தது, என்ன தண்டனை என்று கல்லூரிகள் பகிரங்கமாக அறிக்கை வெளியிட வேண்டும். "அவனே விரும்பித்தான் வந்தான்" என்ற சாக்கு இந்தச் சட்டத்தில் செல்லாது.