புல்லட்டுக்கு ஏன் வலது காலில் கியர்?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் போன வாரம் போனில் கூப்பிட்டார். "சார், 1978 மாடல் புல்லட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கியர் வலது காலில் இருக்கிறதே, யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா? வாங்கலாமா?" என்றார். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். 1993ல் நான் பட்டதை அவரும் பட்டுவிடக் கூடாதே என்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் மாற்றவில்லை தம்பி. அது அந்த வண்டி பிறந்த ஊரின் வழக்கம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர், தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு பட்டறைதான் பிறகு சைக்கிளுக்கும் அதன் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1932ல் புல்லட் என்ற பெயர் வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பெரும்பாலும் வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.

1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைப் பகுதியில் ஓட்ட 350 சிசி புல்லட்டுகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக வாங்கியது. 1955ல் அந்த நிறுவனமும் ரெட்டிச்காரர்களும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் தயாராயின. போகப் போக எல்லாப் பாகமும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். சிறுவயதில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என் சித்தப்பா, "புல்லட் இங்கதான்டா பொறக்குது" என்பார். நான் கோயிலையே மறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

இங்கிலாந்தில் தாய் வீடு 1970ல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டது. வெளிநாட்டு வண்டி எதுவும் எளிதில் உள்ளே வர முடியாத காலம் அது. ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கையாளர்கள். அப்புறம் எதற்காக மாற்ற வேண்டும்? அதே ஒற்றை சிலிண்டர், அதே வார்ப்பிரும்பு, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவதால்தான் அந்த நிதானமான 'டப் டப்'. 1977ல் அதே வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு ஒரு சிரிப்பு வருகிறது.

மாறாமல் இருந்ததில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரு வருடத்து வண்டியின் பாகம் இன்னொரு வருடத்து வண்டியில் பெரும்பாலும் பொருந்திவிடும். அதனால் எத்தனை பழைய புல்லட்டையும் ஓட வைக்கலாம். அதே காரணத்தால், நீங்கள் பார்க்கும் '1978 மாடல்' மூன்று வண்டிகளின் எலும்பாகவும் இருக்கலாம்.

நான் ஏமாந்தது அங்கேதான். 1993ல் வீட்டம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்து ஒரு புல்லட் வாங்கினேன். பெயிண்ட் பளபளப்பு, சத்தம் அருமை. பெயர் மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, இன்ஜினில் இருந்த எண் ஒன்று, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண் வேறொன்று. யாரோ வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். விற்றவர் கையை விரித்துவிட்டார். எட்டு மாதம் அலைந்தேன். வளையலைக் குறித்த நாளில் மீட்க முடியவில்லை. அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே தம்பி, முதலில் காகிதம், பிறகுதான் இன்ஜின். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் அழுக்கைத் தேய்த்துவிட்டு உங்கள் கண்ணால் படியுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியை முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஆறவிட்டு, பிறகு உங்கள் காலால் உதையுங்கள்.

உதைப்பதற்கும் முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் பாயிண்ட் திறக்கிறது என்று அர்த்தம். டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு துளி கீழே நகர்த்தி, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை ஒன்று, அவ்வளவுதான். அவசரப்பட்டு உதைத்தால் அது திருப்பி உதைக்கும். என் வலது கணுக்கால் இன்றும் மழைக்காலத்தில் சொல்லும்.

ஓட்டப் பழகுவதில் கியர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பயம் பிரேக்கில்தான். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் பழக்கத்தில் வலது காலை மிதிப்பீர்கள், கியர் விழும், வண்டி நிற்காது. முதல் ஒரு மாதம் ஊருக்குள் ஓட்ட வேண்டாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டாம், நானே சொல்லித் தருகிறேன். ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரிந்துகொண்ட உங்களுக்கு இது புரியாதா?

வருகிற ஞாயிறு காலை நானும் வருகிறேன். கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் என் பையில் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தின் அசலை எடுத்து வைக்கும்படி விற்பவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம்.