ஜூன் 24 (திரையிசை நாள்கள்)

தமிழ்த் திரையிசையின் நாள்காட்டியில் ஜூன் 24 தனிச்சிறப்புடையது. கவிஞர் கண்ணதாசன் 1927-லும், இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-லும் இதே நாளில்தான் பிறந்தார்கள்.

முன்னவர் ஊர் காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டி, இயற்பெயர் முத்தையா. பின்னவர் ஊர் பாலக்காட்டு எலப்புள்ளி. கோவையில் ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடிப் பையனாக இருந்து இசைக்கு வந்தவர் விஸ்வநாதன். அதே நிறுவனத்தின் 'கன்னியின் காதலி' (1949) படத்தில்தான் கண்ணதாசன் முதல் திரைப்பாடலை எழுதினார்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் இசையோடு கண்ணதாசனின் வரிகள் 'பணம்' (1952) படத்தில் சேர்ந்தன. பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றும் 1961-இல் வந்தவை. ஒரே ஆண்டில் இத்தனை வளம் பிறகு அரிதாகவே வாய்த்தது. மெட்டுப் பிறந்த விதமும் அழகு. ஆர்மோனியத்தை அழுத்தியபடி விஸ்வநாதன் தத்தகாரத்தில் பாடுவார். கவிஞர் அதைக் கேட்டுக்கொண்டே வரிகளை வாயால் சொல்வார். உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். மெட்டுக்கு எழுதிய பாட்டு என்றே தோன்றாத இயல்பு அந்த வரிகளில் உண்டு.

'சேரமான் காதலி' நாவலுக்காக 1980-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது பெற்ற கண்ணதாசன், 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் மறைந்தார். விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார்.

ஆங்கில ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் (1944), நடிகை விஜயசாந்தி (1966) ஆகியோருக்கும் ஜூன் 24-தான் பிறந்தநாள்.