வேறு பாலினத்தில் ஒரு பாத்திரம்: வீடியோ கேம்களில் பாலினத் தேர்வின் வரலாறு

முன்னுரை

வீடியோ கேம் ஆடும் ஆண்களில் பலர் பெண் பாத்திரத்தை எடுத்து ஆடுகிறார்கள். ஆண் பாத்திரத்தை எடுத்து ஆடும் பெண்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் ஆயத்தமாக இரண்டு விடைகள் வரும். ஆடுபவரின் ஆழ்மன ஆசை இப்படி வெளிப்படுகிறது என்பது ஒன்று. பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் என்பது மற்றொன்று. இரண்டுமே காரணத்தைத் தனிமனிதரின் மனத்துக்குள் மட்டும் தேடுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றை அடுக்கிப் பார்த்தால், காரணத்தின் பெரும்பகுதி விளையாட்டின் அமைப்பிலேயே இருப்பது விளங்கும். விளையாட்டு எழுத்தாக இருந்தபோதும், படமாக மாறியபோதும், குரல் சேர்ந்தபோதும், கதையாக விரிந்தபோதும் இதே தேர்வு வெவ்வேறு பொருள் கொண்டது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துலகம்: பாலினம் ஓர் அறிவிப்பு

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ‘மல்டி யூசர் டஞ்சன்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அதில் படம் கிடையாது. அறை, வழி, ஆள் எல்லாமே எழுத்துதான். ‘மட்’ என்ற அதன் சுருக்கப் பெயரே பிறகு ஒரு வகை விளையாட்டுக்கே பெயரானது. 1983இல் வெளிவந்த ‘அல்டிமா 3’ பாத்திரத்தை உருவாக்கும்போது ஆண், பெண், பிற என்று மூன்று வாய்ப்புகள் தந்தது. ஆனால் அது ஒருவர் தனியே ஆடும் விளையாட்டு. அந்தத் தேர்வைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பலர் ஒன்றாக ஆடும் மட் உலகில் நிலைமை வேறு. அங்கே தேர்வு என்பது நாலு பேருக்குச் செய்யும் அறிவிப்பு.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய ‘லாம்டாமூ’ என்ற மட் உலகம். அங்கே பாலினத்தைக் குறிக்க ஒரு கட்டளை இருந்தது. அதைத் தட்டச்சு செய்து ஆண், பெண், அஃறிணை, பன்மை என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அரசர்களைப் போலத் தன்னை ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தது. தேர்ந்த நொடியிலிருந்து, அந்த அறையில் இருக்கும் அனைவரின் திரையிலும் அவரைக் குறிக்கும் சொற்கள் மாறிவிடும். உடல் இல்லாத இடத்தில் அந்தச் சொற்களே உடல்.

இந்த உலகங்களை ஆராய்ந்த ஏமி பிரக்மன் 1993இல் எழுதிய கட்டுரை, இத்துறையின் தொடக்கநூல் போன்றது. பெண் என்று அறிவித்துக்கொண்டால் கேட்காமலேயே உதவி வந்தது. அந்த உதவிக்குக் கைம்மாறும் எதிர்பார்க்கப்பட்டது. பெண் பெயரில் நுழைந்த ஆண்கள் அந்தக் கவனிப்பின் சுகத்தை முதலில் அனுபவித்தார்கள். அதன் தொல்லையைப் பிறகு அனுபவித்தார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று ஆண் பெயரில் நுழைந்த பெண்களும் இருந்தார்கள். பாலினம் மனித உறவை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை வெளியிலிருந்து கவனிக்காமல் அனுபவித்தே அறிய இது வழி செய்கிறது என்று பிரக்மன் வாதிட்டார். 1995இல் ஷெர்ரி டர்க்கிள் எழுதிய ‘லைஃப் ஆன் தி ஸ்க்ரீன்’ இதே அனுபவத்தை அடையாளம் பற்றிய பெரிய கேள்வியாக விரித்தது.

படம் வந்தபின்: திறமையும் தோற்றமும்

கன்சோல் விளையாட்டுகளில் நெடுங்காலம் தேர்வே இல்லை. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’ ஆட்டத்தில், கவசம் அணிந்த வீரரை எல்லோரும் ஆண் என்றே நினைத்து ஆடினார்கள். ஆட்டத்தை விரைவாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் கவசம் விலகி, சாமஸ் ஒரு பெண் என்பது தெரிந்தது. 1988இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ இளவரசியையும் ஆடும் பாத்திரமாக்கியது. அவரால் சிறிது நேரம் காற்றில் மிதக்க முடியும். அகலமான பள்ளத்தைத் தாண்ட வேண்டிய சிறுவனுக்கு அதுவே போதுமான காரணம். 1991இன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ தேர்ந்தெடுக்கத் தந்த எட்டுப் பேரில் சுன்-லி ஒருவர் மட்டுமே பெண். அவருடைய வேகமான உதைகளுக்காக அவரை எடுத்தவர்களும் உண்டு. இந்தக் கட்டத்தில் பெண் பாத்திரம் பெரும்பாலும் ஒரு திறமையின் பெயர்.

1996இன் ‘டோம்ப் ரெய்டர்’ இதை மாற்றியது. அங்கே லாரா கிராஃப்ட் ஒருவர்தான் நாயகி. கேமரா அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆன்லைன் ஆட்டத்திலும் அதே கோணம்தான். மணிக்கணக்கில் பார்க்கப்போவது ஒரு முதுகைத்தான் என்றால் அது பெண்ணுடையதாக இருக்கட்டுமே என்ற விடை ஆண்களிடம் அப்போதுதான் பரவியது. எழுத்துலகில் இந்த விடைக்கு இடமே இல்லை. கேமராவின் கோணம் மாறியதால் பிறந்த விடை இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணாக ஆடும் ஆணிடம் நண்பர்கள் விளக்கம் கேட்கும்போது, அவனுடைய ஆண்மைக்குப் பங்கம் வராமல் காக்கும் விடையும் இதுவே. ஆகவே இதை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சொல்வதும் செய்வதும்

அந்தச் சந்தேகத்துக்கு அடுத்து வந்த ஆய்வுகள் வலுச் சேர்த்தன. 2008இல் ஜாஹிர் ஹுசைனும் மார்க் கிரிஃபித்ஸும் ஆன்லைன் ஆட்டக்காரர்கள் 119 பேரிடம் விசாரித்தார்கள். 57 விழுக்காட்டினர் வேறு பாலினப் பாத்திரத்தில் ஆடியிருந்தார்கள். ஆண்களின் தொந்தரவைத் தவிர்க்கவே ஆணாக ஆடியதாகப் பெண்கள் சிலர் கூறினர். மட் காலத்துக் காரணம் படக் காலத்திலும் அப்படியே தொடர்ந்தது.

2011இல் நிக் யீயும் அவருடைய குழுவினரும் வார்கிராஃப்ட் ஆட்டத் தரவுகளை ஆராய்ந்தபோது, பெண் பாத்திரத்தில் ஆடிய ஆண்கள் காயம்பட்ட தோழர்களைக் குணப்படுத்தும் பணியில் கூடுதல் நேரம் செலவிட்டதைக் கண்டார்கள். ஆண் பாத்திரத்தில் ஆடிய பெண்கள் அதைக் குறைத்துக்கொண்டார்கள். பெண் வேடம் போட்டவுடன் பணிவிடையும் பெண்ணுடையதாகிவிடுகிறது.

2014இல் ரோசா மைக்கேல் மார்ட்டியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வார்கிராஃப்டுக்குள்ளேயே தனி ஆட்டக் களம் அமைத்து 375 பேரைக் கவனித்தார்கள். ஆண்களில் 23 விழுக்காட்டினரும் பெண்களில் 7 விழுக்காட்டினரும் பாலினம் மாற்றி ஆடினார்கள். பெண் உருவெடுத்த ஆண்களின் உரையாடலில் உணர்ச்சிச் சொற்களும் ஆச்சரியக்குறிகளும் கூடின. ஆனால் அவர்கள் நடந்து திரிந்த விதம் மற்ற ஆண்களுடையதைப் போலவே இருந்தது. தங்கள் உண்மைப் பாலினத்தை மறைக்க அவர்கள் முனைந்ததாகவும் தெரியவில்லை. ஏமாற்றுவதே நோக்கம் என்ற பழைய குற்றச்சாட்டு இங்கே நிற்கவில்லை.

குரல்: கலைந்த திரை

2002இல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ், குரலில் பேசியபடி ஆடுவதைக் கன்சோல்களில் பரவலாக்கியது. அதோடு எழுத்து தந்த மறைவு போயிற்று. ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லின்ட்சி ரோஸ் இருவரும் செய்த சோதனையில், முன்பே பதிவுசெய்த ஆண் குரலும் பெண் குரலும் ஒரே மாதிரி சொற்றொடர்களைப் பேசின. பெண் குரலுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமான வசவு கிடைத்தது. மைக்கைத் திறக்காமலே ஆடும் பெண்களின் மௌனத்துக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கதை: மற்றொருவராக வாழ்ந்து பார்த்தல்

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட்’, தளபதி ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ ஆட விட்டது. பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்தவர் ஜெனிஃபர் ஹேல். விளம்பரங்களில் ஆண் முகமே வந்தது. 2011 வாக்கில் பெண் ஷெப்பர்டை ஆடியோர் 18 விழுக்காடு என்று நிறுவனம் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பாகத்தின் அட்டையைத் திருப்பிப் போட்டால் பெண் ஷெப்பர்ட் இருந்தார். 2021இல் மறுபதிப்பு வந்தபோது அந்த விகிதம் 32 விழுக்காடாக உயர்ந்தது. இவை ஆடியவரின் பாலினத்தைப் பிரித்துக் காட்டாத கணக்குகள். ஆனால் அதே 2021இல் குவாண்டிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் வெளியிட்ட கருத்தாய்வு, ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண் பாத்திரத்தையே விரும்புவதாகக் கண்டது. நல்ல குரல், நல்ல வசனம், முழுமையான கதை ஆகியவை கிடைத்தால் ஆண்கள் பெண் நாயகியோடு மனமார நடப்பார்கள் என்பதற்கு இவை சான்று. தம்மைத் தாமே அறிந்துகொள்ளும் முதல் வாய்ப்பைத் திருநர் பலர் இத்தகைய தேர்வில் கண்டிருக்கிறார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே.

முடிவுரை

எழுத்துலகில் இது அறிவிப்பு, கன்சோலில் திறமை, பின்புறக் கேமராவில் தோற்றம், கதை விளையாட்டில் அனுபவம். விளையாட்டின் அமைப்பு மாற மாற, ஆண்கள் சொல்லும் காரணமும் மாறியது. பெண்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று மட்டும் 1993இலிருந்து மாறவே இல்லை: தொந்தரவு இல்லாமல் ஆட வேண்டும். ஆணுக்குப் பெரும்பாலும் சுதந்திரமாக இருக்கும் தேர்வு, பெண்ணுக்குப் பல நேரம் தற்காப்பாக இருக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் ‘இவர் ஏன் மாற்றி ஆடுகிறார்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘மாற்றாமல் ஆடினால் இவருக்கு என்ன நேர்கிறது’ என்றும் கேட்க வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள் வசவுக்கு எதிரான விதிகளைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்த வேண்டும். தற்காப்புக்காக எவரும் வேறு பாலினத்தில் ஒளிய வேண்டாத நிலை வந்தால்தான் இது எல்லோருக்கும் உண்மையான தேர்வாகும்.