ஆடி மாதத்து வழக்கு

சென்ற ஆனி மாதம், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இரண்டு பையன்கள் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, கூடைப்பந்து ஆட்டத்தில் இதுகாறும் தோன்றியவர்களுள் தலைசிறந்தவர் யார் என்று ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடியதைக் கேட்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மூத்தவன் மைக்கேல் ஜோர்டன் கட்சி. பட்டம் வாங்கிய ஆறு முறையும் சிகாகோ அணிக்காகவே வாங்கியவர், இறுதிச் சுற்றுக்குப் போய்த் தோற்றார் என்பதே இல்லாதவர் என்பது அவன் வாதம். இளையவன் லெப்ரான் ஜேம்ஸ் கட்சி. மூன்று அணிகளில் நான்கு பட்டம் வாங்கியவர், கரீம் அப்துல் ஜப்பார் சேர்த்து வைத்திருந்த 38,387 புள்ளிகளை 2023-இல் கடந்தவர் என்று அவன் கணக்கை எடுத்து விட்டான். "2010-லே சொந்த அணியை விட்டுட்டு மயாமிக்கு ஓடினவர்தானே?" என்று மூத்தவன் மடக்கினான். அங்கே ஆட்டங்கள் ஆனியில் முடிந்து மறுபடி ஐப்பசியில்தான் தொடங்குமாம். இடைப்பட்ட நாலு மாதமும் எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குத் தாவுகிறார் என்பதே பேச்சாம். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த அவர்களுடைய கொள்ளுத்தாத்தா, தொண்ணூறு கடந்தவர், கண்ணைத் திறவாமலே சொன்னார்: "அருணாசலம் தனி மேளம் வெச்சப்போ எங்க திண்ணையிலேயும் இதே சண்டைதாண்டா."

பையன்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று; விளங்கியதோடு, இந்த ஊரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரு நித்திய கர்மாவைப் போல நடந்துவந்து, பிறகு யாரும் கவனியாமலே நின்றுபோன ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதவேண்டும் என்ற ஆசையும் உண்டாயிற்று.

தாமிரபரணியின் தென்கரையில், அம்பாசமுத்திரத்துக்கு எதிர்முகமாக அமைந்த இவ்வூரை இன்று உலகம் அப்பளத்தால் அறிகிறது. அப்பளத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லும், அந்த நெல்லால் உண்டான ஓய்வும், அந்த ஓய்வால் உண்டான சங்கீதப் பைத்தியமும் அப்பளத்துக்கு மூத்தவை. இங்குள்ள வராகப் பெருமாள் மீது முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகியில் ஒரு கிருதி செய்திருக்கிறார். அவருடைய கிருதிகளை ஸ்வரப்படுத்தித் தொகுதி தொகுதியாக அச்சிட்டு உபகரித்த சுந்தரமய்யரும் கல்லிடைக்குறிச்சிக்காரரே. இத்தகைய ஊரில், பாடத் தெரியாதவனுக்குக்கூட அடுத்தவன் பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

1904-இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, காவேரிக்கரை வித்வான்கள் தாமிரபரணிக் கரைக்கு வந்து போவது எளிதாயிற்று. மாயவரத்திலோ கும்பகோணத்திலோ வண்டி ஏறி, திருநெல்வேலியில் மாறி, தவிலையும் நாயன உறைகளையும் ஜன்னலோரம் சாத்தி வைத்துக்கொண்டு வருகிற கோஷ்டியைக் காண ஸ்டேஷனுக்கே போய்க் காத்திருந்தவர்கள் உண்டு. வாய்ப்பாட்டு வித்வானைவிட நாயனக்காரரைப் பற்றியே தர்க்கம் அதிகம் நடந்தது என்று தாத்தா சொல்கிறார். காரணம் தெளிவானது. பாட்டுக் கச்சேரிக்கு அழைப்பு உள்ளவன் போவான். நாயனமோ தெருவில் நடப்பது, ஊர் முழுவதற்கும் பொது.

ஜானவாசத்து இரவை அவர் வருணித்தபடியே எழுதுகிறேன். கோயிலிலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை ஊர்வலம், தலையில் சுமந்துவரும் காஸ் விளக்குகளின் சீறலுக்கு நடுவே, ஒரு தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிடும். நாயனக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்து இரண்டொரு முறை ஊதிப் பார்ப்பார். ஒத்துக்காரன் கன்னம் உப்ப ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு தோடியோ கரகரப்பிரியாவோ தொடங்கினால், மாப்பிள்ளை வண்டியில் தூங்கி விழுந்தாலும் சரி, பெண்வீட்டார் ஆரத்தியோடு காத்து நின்றாலும் சரி, அரைமணி, முக்கால்மணி யாரும் அசைவதில்லை. இருபுறத்துத் திண்ணைகளிலும் வெற்றிலைச் செல்லத்தோடு வீற்றிருக்கும் பெரியவர்கள், ஒரு பிடி விழுந்தவுடன் எதிர்த் திண்ணையைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு "பார்த்தீரா, நான் சொன்னேனே" என்று அர்த்தம். வழக்கு அப்பொழுதே தாக்கலாகிவிடும். விசாரணை மறுநாள் காலை ஆற்றங்கரைப் படித்துறையில்.

கோஷ்டியின் அமைப்பைச் சொல்லாமல் அந்த விசாரணையைப் புரிந்துகொள்ள முடியாது. மேளம் அல்லது செட் என்பது தலைமை நாயனக்காரரின் பெயரால் வழங்கும். அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம், ஒருவரோ இருவரோ தவில், ஒத்து, தாளம். இவர்கள் போதாதென்று, பெயர் பெற்ற தவில்காரர் ஒருவரை வேறிடத்திலிருந்து தனிச் சன்மானம் பேசி வரவழைத்தால் அவர் 'ஸ்பெஷல் தவில்'. கல்யாண வீட்டுக்காரர் அச்சாரம் கொடுக்கும்போதே, "நாயனம் அவர் சரி, தவிலுக்கு யார்?" என்று கேட்பது சம்பிரதாயம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தவரை அந்தக் கேள்விக்கு விடை ஒன்றே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1949-இல் அவர் காலமான பின்னர், அவர் மாப்பிள்ளை நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையின் பெயர் முன்னே வந்தது. அதற்கும் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்த தட்சிணாமூர்த்தி, அதுவரை எழுதப்பட்டிருந்த தீர்ப்புகளையெல்லாம் திருப்பி எழுதவைத்தார்.

ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கோயில் முறை உண்டே தவிர, வரும்படி தரும் ஊர்வலம் கிடையாது. நாயனக்காரருக்கு அது சாதகம் செய்யவும், சீவாளி சேகரிக்கவும், பாக்கி வசூலிக்கவும், வரப்போகிற ஆவணி முகூர்த்தங்களுக்குக் கோஷ்டியைச் சேர்த்துக்கொள்ளவும் உரிய காலம். போன வைகாசியில் மனஸ்தாபப்பட்ட தவில்காரர் விலகுவார். இரண்டாவது நாயனமாக இருந்த சிஷ்யர் தனி மேளம் அமைக்கலாமா என்று யோசிப்பார். பிரிந்த சகோதரர்கள் ஒன்று சேர்வார்கள். திண்ணைக்கு இவையெல்லாம் எப்படி எட்டின என்றால், சமையற்காரர்கள் மூலமாகத்தான். ஊர் ஊராகக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறவர்களுக்குத் தெரியாத கோஷ்டி ரகசியம் கிடையாது. மேலைக் காற்றும் சாரலும் அடிக்கும் ஆடிப் பிற்பகலில், ஆற்றில் புதுவெள்ளம் வந்திருக்கையில், வேறு வேலையற்ற திண்ணை வழக்காடிற்று. அமெரிக்கப் பையன்களுக்கு வாய்க்கும் நாலு மாதம் இவர்களுக்கு ஒரு மாதத்தில் வாய்த்தது.

வழக்குகளில் பெரியது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றியது. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அந்த மனிதர், தம் தொழிலில் எதை எடுத்தாலும் அதை இருந்தபடி விட்டுவைக்கவில்லை. குட்டையான, உச்ச சுருதியில் பேசும் திமிரி நாயனம் வழங்கிவந்த இடத்தில், நீண்டு தணிந்த சுருதியுள்ள பாரி நாயனத்தைக் கொண்டுவந்து நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, சுத்த மத்தியமம் பிசகாமல் பேசும் நாயனத்தைச் செய்து கொடுத்ததும் அவருக்காகத்தான். அவருடைய தோடி ஒரே இரவில் பல மணி நேரம் நடக்கும். மறுநாளும் தோடியே வாசித்தால், நேற்றைய பிடி ஒன்றும் திரும்பி வராது. 1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி, தேசம் விடுதலை பெறும் இரவில், தில்லியில் ஒலித்த நாயனம் அவருடையது. 1940-இல் 'காளமேகம்' படத்தில் நடிக்கவும் செய்தார். அதை மட்டும் அவருடைய பரம பக்தர்களே அவருக்காக வாதாடாமல் விட்டுவிட்டார்கள்.

அவரிடம் குருகுலவாசம் செய்து, அவர் பக்கத்தில் நின்று வாசித்து, பிறகு தனி மேளம் அமைத்தவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-இல் பிறந்தவர். காருகுறிச்சி எங்கோ சோழநாட்டு ஊரன்று; எங்கள் கரைக்கே உரியது. ஆகவே திண்ணை இரண்டுபட்டது. ஒரு கட்சி சொல்லிற்று: "குரு இருக்கையில் தனி மேளமா? நிழலில் வளர்ந்த செடி நிழலை விட்டு வந்தால் வாடும்." மறு கட்சியின் விடை: "வாடவில்லையே ஓய்! உம்முடைய வீட்டுக் கல்யாணத்துக்கே அவரைத்தானே அச்சாரம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறீர்?" ஒருவருக்குக் குருவிடம் உள்ள கம்பீரம் சிஷ்யரிடம் இல்லை. மற்றவருக்குச் சிஷ்யரிடம் உள்ள சுகம் குருவிடம் எந்த நாளும் இருந்ததில்லை. குருவுக்கு மனசு வந்தால் தேவலோகம், வராவிட்டால் மேளமே வராது. 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் அருணாசலத்தின் நாயனம் இழைந்து வந்தபொழுது, டீக்கடை ரேடியோவின் எதிரே நின்றவனும் வழக்கில் சேர்ந்துகொண்டான். அக்ரகாரத்துக்கு அது பிடிக்கவில்லை. சினிமாவில் வாசித்ததைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்று ஆட்சேபணை எழுந்ததாம்.

பையன்களின் கூடைப்பந்து வழக்கோடு இதை ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அவர்களிடம் எண் இருக்கிறது. எத்தனை புள்ளி, எத்தனை பட்டம், எந்த வருஷம் என்று கைப்பேசி சொல்லிவிடும்; எஞ்சியது எண்ணுக்கு என்ன பொருள் என்ற தர்க்கமே. எங்கள் பெரியவர்களிடம் எண் இல்லை. இசைத்தட்டோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடுவது. பல மணி நேரத் தோடியை அதில் அடைத்தால் கடலைச் செம்பில் மொண்ட கதைதான். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் வந்த பின்பும் நேர அளவு கடுமையாகவே இருந்தது. ஆகவே அவர்கள் ஞாபகத்தைக் கொண்டே வாதாடவேண்டியிருந்தது: இன்ன வருஷம், இன்னார் வீட்டு ஜானவாசம், தெற்குத் தெரு முனை, பைரவியில் ஒரு பிடி. சந்தேகம் கிளப்பியவனுக்கு அந்தப் பிடியைப் பாடியே காட்டவேண்டும். பாட வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. இதனால், சங்கீதம் கற்காத ஒரு தலைமுறை, வழக்காடி வழக்காடியே சங்கீதம் கற்றது. சபையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்டுவிட்டு, பத்திரிகை விமரிசனம் வரும்வரை அபிப்பிராயம் கொள்ளாமல் இருப்பவர்களை நோக்க, இவர்கள் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. வழக்காடியவர்கள் திண்ணையில் இருந்தார்கள். வழக்குக்கு உரியவர் தெருவில் நின்றார். நாலு நாள் கல்யாணம் முழுவதும் நின்றும் நடந்துமே வாசித்தார். சட்டையின்றி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்கவேண்டும் என்பது பல இடங்களில் விதியாக இருந்தது. அவர் நாயனத்தில் தெய்வத்தைக் கண்டதாகச் சொன்ன அதே மனிதர், அவரைத் தம் திண்ணையில் சமமாக உட்காரச் சொன்னதில்லை. ராஜரத்தினம் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து, மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததைத் திண்ணைகள் பல 'அகம்பாவம்' என்று எழுதி வைத்தன. நான் தாத்தாவைக் கேட்டேன்: "உங்கள் திண்ணை என்ன சொல்லிற்று?" அவர் வெகுநேரம் பேசவில்லை. "வாசிப்பைப் பத்தி மட்டும் பேசினோம்" என்றார்.

ராஜரத்தினம் 1956 டிசம்பரில் மறைந்தார். எட்டு வருஷம் கூட ஆகவில்லை. 1964 ஏப்ரலில் அருணாசலமும் போனார், வயது நாற்பத்திரண்டு. அதன் பிறகும் வித்வான்கள் வந்தார்கள். ஆந்திர தேசத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் தங்கி ராஜரத்தினத்தின் வழியைத் தமக்கு வழியாக்கிக்கொண்ட ஷேக் சின்ன மௌலானாவும், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனும் பெருங்கீர்த்தி பெற்றார்கள். குறைந்தது வாசிப்பு அன்று, வழக்காடுகிறவர்களின் எண்ணிக்கை. நாலு நாள் கல்யாணம் ஒன்றரை நாளாயிற்று, ஜானவாசம் மண்டப வாசலிலேயே ஒரு சுற்று என்றாயிற்று, அக்ரகாரத்துப் பிள்ளைகள் பம்பாய்க்கும் சென்னைக்கும், பிறகு கடல் கடந்தும் போனார்கள். ஆடி மாதம் இப்பொழுது ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு உரியது.

அன்று மாலை தாத்தா என்னிடம் தீர்ப்புக் கேட்டார். குருவா, சிஷ்யரா? இருவரையும் நேரில் கேட்கும் பேறு எனக்கு இல்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டவன் என்ற அளவில் சொன்னேன். ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டால் இன்னொருவர் தோடி வாசிக்கத் துணியலாமா என்று தோன்றுகிறது. அருணாசலத்தைக் கேட்டால் நாமே ஒரு நாயனத்தை வாங்கி ஊதிப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. மலைக்க வைப்பவரைவிட ஆசை மூட்டுபவருக்கே என் வாக்கு. ஆயினும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: தென்காசி வண்டியில் காருகுறிச்சிக்கு அடுத்தது வீரவநல்லூர், அதற்கடுத்தது கல்லிடைக்குறிச்சி. இரண்டாவது ஸ்டேஷன்காரனின் தீர்ப்பு இது; ஊர்ப்பற்றுக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதத்தை ஏற்கவேண்டும்.